மோட்டாருக்கு ஒரு துருத்தி

ஏர்வாடியில் மலை கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பனைமரம், சீமைக் கருவேல், உப்பளம், தெற்கே கடல். எங்கள் ஜில்லாவில் மோட்டார் வண்டி முக்கி முனகி ஏற வேண்டிய மேடு ஒன்று உண்டென்றால், அது பாம்பன் சாலைப் பாலத்தின் நடு வளைவுதான். 1988-இல் அந்தப் பாலம் திறக்கப்படுகிற வரையில் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட தேசத்தில் வாழும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், தம் வண்டிக்கு மூச்சு போதவில்லை என்று கவலைப்பட்டு, அதற்குத் துருத்தி வைக்கப் புறப்பட்டார் என்றால் நேயர்கள் சிரிப்பார்கள். தாராளமாகச் சிரிக்கலாம். என் மனைவி சிரித்து ஓய்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

குற்றம் கொடைக்கானலைச் சேர்ந்தது. என் தகப்பனார் விட்டுப்போன சொத்துக்களில் பங்கு போட முடியாததாய் இருந்தது ஓர் அம்பாஸடர் வண்டி, 1977-ஆம் வருஷத்து மார்க் 3. தம்பிகள் இருவரும் நிலத்தை எடுத்துக்கொண்டு, வண்டியை மூத்தவனுக்கே விட்டுக்கொடுத்தார்கள். அப்போது அதைப் பெருந்தன்மை என்று எண்ணினேன்.

ஒவ்வொரு மே மாதமும் அந்த வண்டியில் குடும்ப சகிதம் கொடைக்கானலுக்குப் போவது வழக்கம். வத்தலக்குண்டு வரையில் வண்டி ராஜாவைப் போல் ஓடும். மலைப் பாதை ஆரம்பித்ததும் பெருமூச்சு விடும். டம் டம் பாறை வந்ததும், "இனி என்னால் ஆகாது" என்று நின்றுவிடும். ரேடியேட்டர் கொதிக்கும். நாங்கள் இறங்கி, அருவியைப் பார்க்க நின்றவர்களைப் போல் பாவனை செய்துகொண்டு நிற்போம். ஸ்கூட்டரில் ஏறிப் போகிற காலேஜ் பையன்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவார்கள்.

வண்டி கிழமாகிவிட்டதுதான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. கடல் மட்டத்தில் ஒரு சதுர செண்டிமீட்டரின் மேல் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ பாரத்துடன் அழுத்துகிறது. கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே அந்த அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இஞ்சின் ஒவ்வொரு தடவையும் உள்ளே இழுக்கிற காற்றின் அளவு மாறுவதில்லை. ஆனால் அந்த அளவுக்குள் இருக்கிற சரக்கு குறைந்துபோகிறது. மரக்கால் அதேதான், நெல் மட்டும் பதராக இருக்கிறது. பெட்ரோலை வேண்டுமட்டும் ஊற்றலாம். எரிப்பதற்குக் காற்று வேண்டுமே!

இந்தப் பிரசங்கத்தை நான் நிகழ்த்தியது வகுப்பறையில் அல்ல. எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில். ஷெட்டின் சொந்தக்காரன் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்புடன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கீழக்கரையில் ஒரு பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பிச் சொந்தமாக ஷெட் போட்டவன். தர்காவில் சந்தனக்கூடு நடக்கும் சமயம் வெளியூர் வண்டிகள் நூற்றுக் கணக்கில் வரும். அந்த நாட்களில் அவனுக்குச் சாப்பிடக்கூட நேரம் இராது. மற்ற நாட்களில் நம்மைப் போன்றவர்களுடைய பிரசங்கத்தைக் கேட்க அவகாசம் உண்டு.

நான் பேசி முடிக்கிற வரையில் கார்புரேட்டர் ஒன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அப்ப ஏர்வாடிக் காத்தை அப்படியே கொடைக்கானலுக்குக் கொண்டுபோயிட்டா வண்டி ஏறிரும். அப்படித்தானே சார்?" என்றான்.

இயற்பியலில் பட்டம் வாங்கி, இருபது வருஷம் அதைப் பிள்ளைகளுக்குப் போதித்த நான், இதைவிடச் சுருக்கமாக அந்த விஷயத்தை எங்கும் கேட்டதில்லை.

காற்றைப் பிடித்து அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிற யந்திரத்துக்கு ஸூப்பர்சார்ஜர் என்று பெயர். கொல்லன் உலையில் துருத்தி செய்கிற வேலையையே அது செய்கிறது. ஆகையால் நாங்கள் இருவரும் அதைத் துருத்தி என்றே வழங்கலானோம். உறவுமுறையும் பொய்யல்ல. அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860-இல் பதிவு செய்துகொண்ட இந்த யந்திரம் முதலில் உலைகளுக்குக் காற்று ஊதத்தான் பயன்பட்டது. ஒரு கூட்டுக்குள் இரண்டு உருளைகள், நிலக்கடலைக் காயின் வடிவில், ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழலும். ஒரு பக்கம் காற்றை வாரி மறு பக்கம் கொட்டும். அவ்வளவுதான்.

ஆனால் ஏர்வாடியிலிருந்து வத்தலக்குண்டு வரையில் இருக்கிற சமவெளியில் துருத்திக்கு வேலை என்ன? அதைச் சுழற்றுவதற்கும் இஞ்சின்தானே சக்தி கொடுக்க வேண்டும்? ஆகையால் வேண்டும்போது ஓடவும், வேண்டாதபோது நிற்கவும் கூடிய துருத்தி வேண்டும். நாங்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாகப் பத்து நாள் பூரித்துப் போயிருந்தோம். விசாரித்ததில், நூறு வருஷத்துக்கு முன்பே ஜெர்மானியர் செய்துவிட்ட காரியம் என்று தெரிந்தது.

முதல் மகாயுத்தத்தின்போது ஆகாய விமானங்கள் உயரே போனதும் இதே கொடைக்கானல் வியாதியால் அவஸ்தைப்பட்டன. டைம்லர் கம்பெனியார் விமான இஞ்சின்களுக்குத் துருத்தி வைத்துப் பார்த்தார்கள். யுத்தம் முடிந்தது, தோற்ற தேசம் விமானம் செய்யக் கூடாது என்று தடை வந்தது. கையிலிருந்த வித்தையை அவர்கள் மோட்டார் வண்டிக்குக் கொண்டுவந்து, 1921-இல் பெர்லின் கண்காட்சியில் வைத்தார்கள். அவற்றுள் ஒரு மெர்ஸிடிஸ் வண்டிக்குப் பின்னாளில் 6/25/40 என்று பெயர் வழங்கிற்று. முதல் எண் வரிக்கணக்குக்கான குதிரைச் சக்தி; இரண்டாவது எண் துருத்தி இல்லாமல்; மூன்றாவது துருத்தியுடன். பெயரிலேயே கணக்கை எழுதி வைத்த நேர்மையை நான் மெச்சுகிறேன். ஆக்ஸிலரேட்டரைத் தரை வரையில் மிதித்தால் ஒரு கிளட்ச் சேர்ந்து துருத்தி சுழல ஆரம்பிக்கும்; காலைத் தளர்த்தினால் நின்றுவிடும். 1928-இல் வந்த எஸ்.எஸ்.கே. வண்டி வரையில் இதே ஏற்பாடுதான். துருத்தி சேரும்போது அந்த வண்டிகள் போட்ட கூக்குரல் பிரசித்தமானது. சொற்ப நேரத்துக்கு மேல் அதை உபயோகிக்க வேண்டாம் என்று தயாரித்தவர்களே எச்சரித்தார்கள்.

இரண்டாம் யுத்தத்தில் ஹரிக்கேன் விமானத்துக்கு வைத்த மெர்லின் இஞ்சின் ஒன்றில், துருத்தியின் வேகத்தையே இரண்டு கியராக மாற்றிக்கொள்ள முடிந்தது: தாழப் பறக்கையில் ஒன்று, உயரப் போனதும் மற்றொன்று. 1986-இல் ஜப்பானில் டொயோட்டா கம்பெனியார் 1,587 ஸி.ஸி. இஞ்சினுக்கு மின்காந்தக் கிளட்ச் வைத்த ரூட்ஸ் துருத்தியைப் பொருத்தினார்கள். 2005-இல் வோல்க்ஸ்வாகன்காரர்களும் 1.4 லிட்டர் இஞ்சின் ஒன்றுக்கு அவ்விதமே செய்தார்கள். மின்காந்தக் கிளட்ச் என்றால் பயப்பட வேண்டியதில்லை. காரில் ஏ.ஸி. ஸ்விட்சைப் போட்டதும் முன்னால் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? அதே சரக்குதான். புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்; மின்சாரம் பாய்ந்தால் உள்ளேயுள்ள அச்சைக் கவ்விக்கொள்ளும்.

என் மாணவனுடைய மச்சான் ஷார்ஜாவில் இருக்கிறார். அங்கே பழைய மோட்டார் சாமான்கள் மலை மலையாகக் குவிந்து கிடக்கும் பேட்டை ஒன்று உண்டு. கீழக்கரைக்காரர்களும் எங்கள் ஊர்க்காரர்களும் போகாத கடை அங்கே இராது. நாலு மாதம் கழித்து, போர்வைக்குள் சுற்றி, பேரீச்சம்பழத்துடன் ஒரு ஜப்பான் துருத்தி வந்து இறங்கிற்று. அதன் விலையை இங்கே குறிப்பிடப் போவதில்லை; இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டிலும் வாசிக்கப்படுகிறது.

அம்பாஸடருக்கு இந்த வைத்தியம் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் ஒரு வேடிக்கை. மார்க் 3-இன் இஞ்சின் 1,489 ஸி.ஸி.; ஆங்கிலேயர்களின் எம்.ஜி.ஏ. என்ற பந்தயக் களையுள்ள வண்டியில் இருந்ததும் அதே குடும்பத்து 1,489 ஸி.ஸி. இஞ்சின்தான். அந்த வண்டிக்குத் துருத்தி வைத்து ஓட்டியவர்கள் அக்காலத்திலேயே உண்டு. ஆனால் நம் நாட்டில் அந்நாளில் கிடைத்த பெட்ரோல் மட்டமானது. அதற்கேற்ப நம் இஞ்சினின் அமுக்கத்தையும் தணித்து வைத்திருந்தார்கள். அண்ணன் கொழுத்த பிள்ளை, தம்பி நோஞ்சான். துருத்தியோ நோஞ்சானுக்குத்தான் உகந்தது. வெளியிலிருந்து அமுக்கிய காற்று வருகிறபோது உள்ளேயும் அமுக்கம் அதிகமாக இருந்தால், மெழுகுவர்த்தி போல் நிதானமாக எரிய வேண்டிய கலவை வெடி போல் வெடிக்கும். மெக்கானிக்குகள் "இஞ்சின் தட்டுது" என்பார்கள். டொயோட்டாக்காரர்கள் கூட, துருத்தி வைத்த இஞ்சினின் அமுக்கத்தைத் தணித்துத்தான் செய்தார்கள். தேசத்தின் தரித்திரம் ஒரு தடவையாவது நமக்கு உதவட்டும் என்று சந்தோஷப்பட்டேன்.

வேலை ஆரம்பமாயிற்று. மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஷெட்டுக்குப் போய்விடுவேன். துருத்தியைக் கார்புரேட்டருக்குப் பின்னால் வைப்பதா, முன்னால் வைப்பதா என்பதில் மூன்று நாள் வாதம். பின்னால் வைத்தால், பெட்ரோல் கலந்த காற்று துருத்தி வழியாகப் போக வேண்டும்; துருத்தி நிற்கும்போது பெட்ரோல் அதற்குள் தேங்கிக் கிடக்கும். ஓடி நிற்கிற துருத்திக்கு அது ஆபத்து. ஆகையால் பழைய ஜெர்மானியர் வழியே சரி என்று முடிவு செய்தோம். துருத்தி வெறுங்காற்றைக் கார்புரேட்டருக்குள் ஊதும். அது நிற்கும்போது காற்று போவதற்குத் தனியாக ஒரு கிளைக்குழாய், அதில் தானே திறந்து மூடும் பித்தளைத் தட்டு. அந்தத் தட்டை அவன் ஏதோ பழைய மோட்டார் சைக்கிளின் உறுப்பிலிருந்து அறுத்துச் செய்தான். பொற்கொல்லர் வேலை மாதிரி இருந்தது.

காற்றை ஊதினால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்திலும் அதே அழுத்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. பெட்ரோல் பம்பும் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். வண்டியோடு பிறந்த பம்புக்கு அவ்வளவு பலம் கிடையாது. மின்சார பம்பு வாங்கினோம். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். தட்டலைத் தாங்குவதற்கு நல்லது. பழைய ரப்பருக்கு ஆகாது. குழாய்களையும் மாற்றினோம். டாஷ்போர்டில் ஒரு பித்தளை ஸ்விட்ச் வைத்தோம்.

மீதியிருந்தது ஒரே ஒரு கணக்கு. துருத்தி இஞ்சினைவிட எவ்வளவு வேகமாகவோ மெதுவாகவோ சுழல வேண்டும்? அதைப் பொறுத்துத்தான் இஞ்சின் அச்சில் மாட்டும் புல்லியின் விட்டம். "இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். இத்தனை நாளும் அவனுக்கு ஸ்பானர் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, பட்டதாரி என்ற முறையில் ஒரு கௌரவமான காரியம் கிடைத்தது.

கணக்கு இதுதான். நிமிஷத்துக்கு 3,000 சுற்று. இஞ்சின் 1.489 லிட்டர். பெருக்கினால் 4,467 லிட்டர் காற்று. கொடைக்கானலில் போன அழுத்தத்தை ஈடுசெய்ய அதைப் போல் 1.28 மடங்கு: சுமார் 5,700 லிட்டர். எங்கள் துருத்தி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.2 லிட்டர் தள்ளும். 3,000 சுற்றில் 3,600. ஆகவே துருத்தி இஞ்சினைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமாகச் சுழல வேண்டும். துருத்தியின் புல்லி 5 அங்குலம். இஞ்சின் புல்லி 8 அங்குலம். ரூல் போட்ட தாளில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அவன் கையில் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தான். சற்று நேரம் பார்த்தான். "எட்டு அங்குலமா சார்?" என்றான்.

"ஆமாம்."

"சரி சார்."

லேத் பட்டறையிலிருந்து 8 அங்குலப் புல்லி வந்தது. அதோடு, நான் சொல்லாத ஒரு சாமானும் குழாயில் ஏறியிருந்தது: ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு. "இது என்ன?" என்று கேட்டேன். "சும்மா ஒரு பாதுகாப்புக்கு சார். வீட்டிலே குக்கருக்கு இருக்குல்ல, அது மாதிரி" என்றான். புத்திசாலித்தனத்தைப் பாராட்டினேன்.

வாலிநோக்கம் பக்கத்தில் சிநேகிதர் ஒருவருக்குச் சொந்தமான உப்பளம் இருக்கிறது. அதற்குள் போகும் நேரான மண்பாதை அவருடைய சொந்தப் பாதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை அங்கே கொண்டுபோனோம். அவன் ஓட்டினான்; நான் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் நோட்டுப் புத்தகத்துடன், அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி மூன்றாவது கியரில் நிதானமாக ஓடியது. "போடு!" என்றேன்.

"டக்" என்றது. அடுத்த க்ஷணம் ஒரு ராக்ஷஸன் அலறியது போலிருந்தது. அழுத்தமானியின் முள் எழுத்து இல்லாத இடத்துக்குப் போயிற்று. ஸ்பிரிங் வால்வு திறந்து ஊளையிட்டது. இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல் சத்தம், அதன் பிறகு ஒரு "டப்", பிறகு வெண்புகை. அவன் ஸ்விட்சை அணைத்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டான். எல்லாம் சேர்ந்து ஐந்து விநாடி இருக்கும். உப்பளத்துக் கொக்குகள் திரும்பி வந்து உட்கார அதைவிட நேரமாயிற்று.

பானட்டைத் திறந்து பார்த்தான். ஹெட் கேஸ்கட் போயிருந்தது. "பிஸ்டனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது சார், வால்வு காப்பாத்திருச்சு" என்றான்.

எனக்கு அப்போதுதான் மனசில் ஏதோ தட்டிற்று. வெறும் பாதுகாப்புக்காக வைத்த வால்வு அவ்வளவு பெரிதாக எதற்கு? நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, உப்புப் பாத்தியின் வரப்பில் உட்கார்ந்து, கணக்கை முதலிலிருந்து பார்த்தேன். முதல் வரியிலேயே தப்பு. நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் மூச்சு இழுக்கிறது. அது கேட்கிற காற்று 4,467 லிட்டர் அல்ல, அதில் பாதி. வருஷா வருஷம் படம் போட்டுப் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம்! புல்லி 4 அங்குலம் இருந்திருக்க வேண்டும். நான் துருத்தியை இரட்டிப்பு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறேன்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லவில்லை.

"தெரிந்துதான் அந்த வால்வை வைத்தாயா?"

"தெரியும் சார்."

"பின்னே ஏன் சொல்லவில்லை?"

வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான். பத்தாம் வகுப்பில் ஒரு நாள் நான் லென்ஸ் கணக்கு ஒன்றைப் பலகையில் போட்டேனாம். கழித்தல் குறி வர வேண்டிய இடத்தில் கூட்டல் குறி போட்டுவிட்டேனாம். இவன் எழுந்து, "சார், தப்பு" என்றானாம். வகுப்பு சிரித்ததாம். "அப்படியானால் நீயே வந்து நடத்து" என்று சாக்குக்கட்டியை இவன் கையில் கொடுத்து, மணி அடிக்கிற வரையில் பலகைக்கு முன்னால் நிற்கவைத்தேனாம்.

"நிக்கிறது ஒண்ணும் பெரிசில்லே சார். ஆனா கணக்கைத் திருத்தாமலே அழிச்சிட்டீங்க" என்றான்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. என் வாழ்நாளில் அப்படி எத்தனை மணி நேரம் எத்தனை பையன்களை நிற்கவைத்தேனோ! வண்டியை டிராக்டரில் கட்டி ஊருக்கு இழுத்து வந்தோம். வழியெல்லாம் அவன் கேஸ்கட் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். நான் ஒன்றும் பேசவில்லை.

கேஸ்கட் மாற்றி, 4 அங்குலப் புல்லியுடன் மறுபடி உப்பளத்துக்குப் போனது ஒரு மாதம் கழித்து. இந்தத் தடவை ஸ்விட்சைப் போட்டதும் வண்டி முதுகில் கைவைத்துத் தள்ளியது போல் முன்னேறிற்று. அழுத்தமானி கால் கிலோவை ஒட்டி நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக்கொண்டேன். அவனோ தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "லேசாத் தட்டுது சார்" என்றான். எனக்குக் கேட்கவில்லை. கொடைக்கானல் உயரத்துக்குப் போட்ட துருத்தியைக் கடல் மட்டத்தில் ஓட்டினால் தட்டத்தான் செய்யும். தீப்பொறியின் நேரத்தைச் சற்றுப் பின்னால் தள்ளினான், தட்டல் நின்றது. ஆனால் துருத்தியை அணைத்து ஓட்டியபோது வண்டி முன்னைவிடச் சோம்பலாக இருந்தது. பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது.

எங்கள் அருமையான ஸ்விட்சின் சூது அப்போதுதான் விளங்கிற்று. ஒரு ஸ்விட்சினால் இரண்டு இஞ்சின் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தோம். ஸ்விட்ச் துருத்தியைத்தான் நிறுத்துகிறது. துருத்திக்காக மாற்றிய மற்றதெல்லாம் மாற்றியபடியேதான் இருக்கிறது. ஜப்பான் வண்டியில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து, கிளட்ச் சேரும்போது தீப்பொறியையும் பெட்ரோலையும் கூடவே மாற்றுகிறது. எங்கள் வண்டியில் கம்ப்யூட்டர் ஏது? அவன் இரண்டு நாள் யோசித்து, பழைய சோக் கம்பி ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டரில் கட்டி டாஷ்போர்டுக்குக் கொண்டுவந்தான். ஸ்விட்சைப் போடும்போது கம்பியையும் இழுக்க வேண்டும். பழங்காலத்து ஃபோர்டு வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு அடியில் இதற்கென்றே ஒரு கைப்பிடி இருந்தது என்று சொன்னேன். "அப்ப நாம நூறு வருஷம் பின்னாடி போயிட்டோம்" என்றான் பெருமையுடன்.

இன்னொரு கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். காற்றை அமுக்கினால் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும். சூடான காற்று விரிந்துவிடும். மலையில் இழந்த மூச்சில் எங்கள் துருத்தி திருப்பித் தருவது ஏறக்குறையப் பாதிதான். அதிலும் தன்னைச் சுழற்றிக்கொள்ள இரண்டு குதிரைச் சக்தியை எடுத்துக்கொள்கிறது. இதை வீட்டில் சொன்னேன். "பாதி மூச்சுக்கா இவ்வளவு பணம்?" என்றாள் என் மனைவி. துருத்தியின் விலை எப்படியோ தெரிந்திருக்கிறது.

கடைசியில் துருத்தி கொடைக்கானல் ஏறவில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரித்தவர் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019-இல் சுப்ரீம் கோர்ட்டாரும் அதை வலியுறுத்தியிருக்கிறார்கள். தவிர, ஏதாவது விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரரிடம் என்ன சொல்வது? ஹெல்மெட் போடாத பையன்களைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திப் பிரசங்கம் செய்கிறவன் நான். எனக்குச் சட்டம் வேறு, அவர்களுக்கு வேறா? சொந்த நிலத்தில் எதையும் செய்துகொள்ளலாம். பொதுச் சாலையில் ஆகாது என்று சொன்னபோது அவன் முகம் வாடிற்று. ஆனாலும் மறுக்கவில்லை. ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றி, வண்டியைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தான். எங்கள் ஊர் உப்புக் காற்று இரும்பை ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும். ஆகையால் துருத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றி, ஷெட்டின் பரண்மேல் வைத்திருக்கிறான். வாரத்துக்கொரு தடவை இறக்கிக் கையால் சுற்றிப் பார்க்கிறான். நானும் போய்ச் சுற்றுகிறேன்.

இந்த மே மாதம் கொடைக்கானலுக்குப் போனபோது அவனையும் கூட்டிப் போனோம். டம் டம் பாறையில் வண்டி வழக்கம்போல் நின்றது. பிள்ளைகள் இறங்கி அருவியைப் பார்க்கப் போனார்கள். அவன் பானட்டின்மேல் காதை வைத்தாற்போல் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

"சார், உங்க கணக்கிலே இன்னொரு தப்பு இருக்கு" என்றான்.

"எங்கே?"

"மூவாயிரம் சுத்துன்னு போட்டீங்க. மலையிலே ரெண்டாவது கியரிலே அவ்வளவு சுத்து எங்கே வருது? மெதுவாச் சுத்தினா துருத்தியிலே உருளைக்கும் கூட்டுக்கும் நடுவிலே காத்து பின்னாலே ஒழுகும். நாலு அங்குலம் பத்தாது."

நோட்டுப் புத்தகம் வண்டிக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்; பேனாவையும் கொடுத்தேன். பானட்டின்மேல் வைத்து எழுத ஆரம்பித்தான். சூடு பொறுக்காமல் நோட்டை மதில்மேல் மாற்றி வைத்துக்கொண்டான். என் மனைவி வந்து, ரேடியேட்டர் ஆறிவிட்டது, புறப்படலாமே என்றாள்.

"சற்று இரு. அவன் கணக்கை முடிக்கட்டும்" என்றேன்.